கையில் தங்காத காசு: அயர்லாந்தின் மாட்டிறைச்சி விவசாயிகளும் அரசு உதவியும்

2019 மே மாதத்தில் அயர்லாந்தின் மாட்டிறைச்சி விவசாயிகளுக்கு 10 கோடி யூரோ நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் பாதி, அயர்லாந்து அரசு பாதி. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு எப்படி வெளியேறும் என்று தெரியாத நிலையில் மாட்டு விலை சரிந்திருந்தது. 2018 செப்டம்பர் 24 முதல் 2019 மே 12 வரை ஆலைக்கு மாடு விற்றவர்களின் இழப்பை ஓரளவு ஈடுகட்டுவதே திட்டத்தின் நோக்கம். கொழுக்க வைத்து விற்ற மாடு ஒன்றுக்கு 100 யூரோ, 100 மாடு வரை. பால் கறக்காமல் கன்றுக்கே விட்டு வளர்க்கும் பசு ஒன்றுக்கு 40 யூரோ, 40 பசு வரை. 'பீம்' என்று சுருக்கிச் சொல்லப்பட்ட இந்தத் திட்டத்தில் ஏறத்தாழ 33,000 பேர் சேர்ந்தார்கள். ஆனால் ஒதுக்கிய 10 கோடியில் 8 கோடிகூடச் செலவாகவில்லை. வாங்கியவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. அறிவிப்பு வந்து இரண்டு மாதத்தில், அதே விவசாயிகள் இறைச்சி ஆலைகளின் வாசலில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். நிவாரணம் வந்துகொண்டிருக்கும்போதே ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்று கேட்டால், அரை நூற்றாண்டு மானியக் கொள்கையின் பலவீனம் வெளியே தெரிகிறது. நலிவு இருக்கும் இடம் ஒன்று, காசு போய்ச் சேரும் இடம் இன்னொன்று. மாட்டுக்கு விலை பேசப்படும் இடத்தில் விவசாயியின் கை தாழ்ந்தே இருக்கும்வரை, அவருக்கென்று தரும் பணம் அவரிடம் நிற்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அயர்லாந்தில் இந்தத் துறை எவ்வளவு பெரியது, எவ்வளவு மெலிந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாட்டில் உற்பத்தியாகும் மாட்டிறைச்சியில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்றுமதியாகிறது. அதில் கிட்டத்தட்ட பாதிக்கு பிரிட்டன்தான் வாடிக்கையாளர். ஆகவே 2016 ஜூன் வாக்கெடுப்புக்குப் பிறகு பவுண்டின் மதிப்பு விழுந்ததுமே அயர்லாந்து மாட்டின் விலையும் ஆட்டம் கண்டது. வளர்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. மேற்கே லீட்ரிம், ராஸ்காமன், கிளேர் போன்ற மாவட்டங்களில், ஈரம் மிகுந்த சிறு நிலங்களில் பசு வைத்துக் கன்று எடுத்து, பால்மறந்த கன்றைச் சந்தையில் விற்பவர்கள் ஒரு வகை. அந்தக் கன்றை வாங்கிப் புல்லும் தீவனமும் கொடுத்துக் கொழுக்க வைத்து ஆலைக்கு அனுப்பும் நடுநாட்டு, கிழக்குப் பகுதி விவசாயிகள் இரண்டாவது வகை. அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான சாகஸ்க் ஆண்டுதோறும் எடுக்கும் பண்ணைக் கணக்கெடுப்பின்படி, 2019-ல் கன்று எடுத்து விற்கும் பண்ணையின் சராசரி ஆண்டு வருமானம் 10,000 யூரோவைக்கூட எட்டவில்லை. அதே ஆண்டில் பால் பண்ணையின் சராசரி 65,000 யூரோவை ஒட்டியிருந்தது. இந்தச் சிறு தொகையும் மாடு விற்று வந்ததன்று. பிரஸ்ஸல்ஸிலிருந்து வரும் நேரடி மானியம் பண்ணையின் மொத்த வருமானத்தைவிடக் கூடுதலாக இருந்தது. மாடு வளர்த்ததில் நஷ்டம், அந்த நஷ்டத்தை மானியத்திலிருந்து அடைத்து, மிஞ்சியதைக் கொண்டு குடும்பம் நடந்தது என்பதே இதன் பொருள். வெளியில் வேலை பார்க்கும் கணவனோ மனைவியோ இல்லாவிட்டால் பல பண்ணைகள் எப்போதோ மூடப்பட்டிருக்கும்.

பணம் எங்கே நழுவுகிறது என்று அறிய, மாடு கைமாறும் கணத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். விவசாயி ஆலைக்குப் போன் போட்டு, இந்த வாரம் கிலோவுக்கு என்ன விலை என்று கேட்கிறார். சொல்லப்படுவது உரித்த எடைக்கான அடிப்படை விலை. மாட்டை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். அது வெட்டப்பட்டு, தோல் உரிக்கப்பட்டு, கொக்கியில் தொங்கும்போதுதான் எடை தெரியும். அப்போதுதான் கேமரா இயந்திரம் உடற்கட்டுக்கு ஓர் எழுத்தும் கொழுப்புக்கு ஓர் எண்ணும் போடும். அந்த எழுத்தும் எண்ணும் அடிப்படை விலையைக் கூட்டும், குறைக்கும். அதற்கு மேல் போனஸ் உண்டு. 2019-ல் அதற்கு நான்கு நிபந்தனைகள் முக்கியம்: மாட்டுக்கு 30 மாதம் நிறைந்திருக்கக் கூடாது, பண்ணை, போர்ட் பியா என்ற அரசு உணவு வாரியத்தின் தரச் சான்று பெற்றிருக்க வேண்டும், கடைசிப் பண்ணையில் 70 நாளாவது மாடு நின்றிருக்க வேண்டும், வாழ்நாளில் நான்கு பண்ணைக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. விலை கட்டுப்படியாகவில்லை என்று விவசாயி மாட்டைத் திருப்பிக் கூட்டிப்போக முடியாது. அனுப்பாமல் காத்திருக்கலாமே என்றால், காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் தீவனச் செலவு ஏறும், 30 மாதக் கெடு நெருங்கும். கெடு தாண்டினால் போனஸ் போய்விடும். விற்பவருக்கு இந்த அவசரம் இருப்பது வாங்குபவருக்குத் தெரியும். வாங்குபவர்களோ சிலரே. நாட்டில் வெட்டப்படும் மாடுகளில் பாதிக்கும் மேல் மூன்று பெரிய நிறுவனக் குழுமங்களின் ஆலைகளுக்குள் போகின்றன. எதிரே நிற்பவர்கள், ஆண்டுக்கு இருபதோ முப்பதோ மாடு விற்கும் பல்லாயிரம் தனித்தனி ஆட்கள்.

அரசு உதவியின் கதை இந்தக் காட்சிக்கு வெளியேதான் நெடுங்காலம் நடந்தது. 1973-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த அயர்லாந்துக்கு, அதன் பொது வேளாண் கொள்கை பெரிய வரமாகத் தெரிந்தது. சந்தை விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் சமூகமே இறைச்சியை வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கும். ஆனால் அது இறைச்சியை வாங்கியது ஆலையிடம், விவசாயியிடம் வாங்கவில்லை. எலும்பெடுப்பதற்கும், பெட்டியில் அடைப்பதற்கும், கிடங்கில் வைத்திருப்பதற்கும் கூலி பெற்றவர்கள் ஆலைக்காரர்களும் கிடங்குக்காரர்களும். ஆலை கூடுதல் விலை பெற்றால் அதில் ஒரு பங்கு விவசாயிக்குக் கசியும் என்பதே கணக்கு. 1974-ல் கன்று விலை அதலபாதாளத்துக்குப் போனபோது அந்தக் கசிவு எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்தது. இந்த முறையின் இன்னொரு முகத்தை, நீதிபதி லியம் ஹாமில்டன் தலைமையில் 1991-ல் அமைந்த விசாரணை ஆணையம் வெளிக்கொண்டு வந்தது. 1994-ல் வெளியான அதன் பெரும் அறிக்கை, கிடங்கு இறைச்சியில் நடந்த முறைகேடுகள், வரி ஏய்ப்பு, ஈராக் ஏற்றுமதிக்கு அரசு தந்த கடன் காப்பீடு ஆகியவற்றை விரிவாகப் பதிவுசெய்தது. விவசாயியின் பெயரால் திறக்கப்பட்ட கஜானாவின் சாவி வேறு கைகளில் இருந்தது என்பதற்கு இதைவிட முழுமையான அரசு ஆவணம் தேவையில்லை.

இந்தப் பாடம் வீணாகவில்லை. 1992-ல் ஐரோப்பிய வேளாண் ஆணையராக இருந்த அயர்லாந்துக்காரர் ரே மக்ஷாரி, மாட்டிறைச்சியின் ஆதரவு விலையை 15 விழுக்காடு குறைத்து, அதற்கு ஈடாக மாட்டுத் தலைக்கு இவ்வளவு என்று விவசாயிக்கே நேரடியாகப் பணம் தரும் முறைக்கு மாற்றினார். ஆலையைத் தாண்டி நேரே விவசாயிக்குப் போகிறது என்பதால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் பணம் வேறு வழியில் நகர்ந்தது. காளைக் கன்றுக்கு 10 மாதத்தில் ஒரு முறை, 22 மாதத்தில் இன்னொரு முறை என்று பிரீமியம் கோரலாம். கோரியது மாட்டின் அடையாள அட்டையில் பதிவாகும். விளைவு, இன்னும் பிரீமியம் எடுக்கப்படாத மாட்டுக்குச் சந்தையில் கூடுதல் விலை. வரப்போகும் மானியத்தை வாங்குபவர் முன்கூட்டியே விலையாகக் கொடுத்துவிட்டார். குத்தகை நிலத்தில் கிணறு வெட்டியவனின் கதை இது: தண்ணீர் வந்ததும் குத்தகை ஏறும். 2005-ல் அயர்லாந்து மாட்டுத் தலைக்கணக்கை முற்றாக விட்டுவிட்டு, 2000 முதல் 2002 வரை வாங்கிய தொகையின் சராசரியை அடிப்படையாகக் கொண்டு பண்ணைக்கு ஒரே தொகை தரத் தொடங்கியது. அந்தப் பணத்தைப் பெற நிலம் வேண்டும் என்பதால், மானியத்தில் ஒரு பகுதி நில வாடகையில் ஏறியது. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2000-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள், விலையைத் தாங்கிப் பிடிக்கும் ஆதரவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் விவசாயக் குடும்பத்தின் வருமானமாக மாறுகிறது என்று மதிப்பிட்டன. மீதி நில உடைமையாளர்களுக்கும், தீவனமும் உரமும் விற்பவர்களுக்கும், திறனிழப்புக்கும் போகிறது. நேரடித் தொகையின் நிலை இதைவிட மேல். ஆனாலும் முழுதாக நிற்பதில்லை.

2015 ஏப்ரல் 1 அன்று பால் உற்பத்திக்கான ஒதுக்கீட்டு வரம்பு நீங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அயர்லாந்தின் கறவைப் பசுக்கள் 11 லட்சம் அளவிலிருந்து 16 லட்சத்தை நெருங்கின. ஒவ்வொரு கறவைப் பசுவும் ஆண்டுக்கொரு கன்று போடும். பால்காரருக்கு அது உபபொருள். மாட்டிறைச்சி விவசாயிக்கு அது போட்டி. பாலுக்காகச் செய்த செலவில் தானாக வந்து விழும் கன்றோடு, இறைச்சிக்காகவே ஓராண்டு பசுவுக்குத் தீனி போட்டு எடுத்த கன்று விலையில் மோதுகிறது. நலிவின் ஆழமான காரணங்களில் இது ஒன்று. இதற்கு அரசு தந்த மறுமொழி, 30 கோடி யூரோ செலவில் 2015-ல் தொடங்கிய மரபணுத் திட்டம். பசுக்களின் மரபணு மாதிரியைச் சோதித்து, நல்ல வம்சத்தைத் தெரிந்தெடுத்தால் பசுவுக்கு 95 யூரோ வரை. 2023-ல் அதன் வாரிசாக, ஐந்தாண்டுக்கு 26 கோடி யூரோ செலவில் கார்பன் திறன் திட்டம் வந்தது: முதல் 22 பசுவுக்குத் தலைக்கு 150 யூரோ, மேற்கொண்டு 120. திட்டத்தின் முகப்பில் இருப்பது மரபணுவும் கார்பனும். அரசியல் மேடையில் சொல்லப்படுவதோ விவசாயியின் வருமானம். இப்படி ஒரே காசில் இரண்டு காரியம் முடிக்கப் பார்க்கும் போக்கின் உச்சம்தான் 'பீம்'. விலை வீழ்ச்சிக்கான இழப்பீடு அது. ஆனால் அதை வாங்கியவர், மாட்டெருவில் உள்ள நைட்ரஜனை 5 விழுக்காடு குறைக்க வேண்டும். நடைமுறையில், மாட்டைக் குறைக்க வேண்டும். நடந்து முடிந்த நஷ்டத்துக்கு ஈடு, இனி ஈட்டப்போவதில் வெட்டு. பெருமழையில் பயிர் போனவருக்கு, அடுத்த போகத்தில் குறைவாக விதைத்தால்தான் இழப்பீடு என்று சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். பலர் விண்ணப்பிக்காமலே ஒதுங்கினார்கள். விண்ணப்பித்தவர்களில் பலர் நிபந்தனைக் காலத்தில் தவறினார்கள். மிஞ்சிய பணத்துக்கும் திருப்பிக் கட்டச் சொன்னதற்கும் வேர் இதுதான்.

இதற்கு எதிரே மறியல் சாதித்ததை வைத்துப் பார்க்கலாம். 2019 ஜூலைக் கடைசியில் தொடங்கி, இடையில் பேச்சு, மீண்டும் மறியல் என்று செப்டம்பர் வரை நீண்ட போராட்டத்தில் ஆலைகள் முடங்கின. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தற்காலிகமாக வேலை இழந்தார்கள். ஆலைகள் நீதிமன்றத் தடை வாங்கின. செப்டம்பர் 15 அன்று ஏற்பட்ட உடன்பாட்டில், நிபந்தனை நிறைவேற்றிய மாட்டுக்கான போனஸ் கிலோவுக்கு 12 சென்டிலிருந்து 20 சென்டாக உயர்ந்தது. 30 மாதம் கடந்தாலும் 36 மாதத்துக்குள் மற்ற நிபந்தனைகளில் தேறிய மாட்டுக்கு 8 சென்ட் புதிதாகக் கிடைத்தது. உரித்த எடை 350 கிலோ என்று வைத்தால், இந்த 8 சென்ட் மாட்டுக்கு 28 யூரோ. 'பீம்' தந்த 100 யூரோ ஒரே ஒரு முறை. இந்த 28 யூரோ உடன்பாடு நிற்கும்வரை ஒவ்வொரு மாட்டுக்கும். அரசுக் கஜானாவுக்கு இதில் ஒரு காசு செலவில்லை. உடனே ஒரு மறுப்பு எழும்: போனஸைக் கூட்டிய ஆலை அடிப்படை விலையில் அதைக் கழித்துக்கொள்ளாதா? கழித்துக்கொள்ளலாம்தான். பேரத்தில் வென்றதைக் காப்பாற்றவும் பேர வலு வேண்டும் என்பதைத்தான் இந்த மறுப்பு காட்டுகிறது. விவசாயிகள் அமைப்பாகச் சேர்ந்து மாட்டிறைச்சி விலையை ஆலையோடு பேசலாம் என்று ஐரோப்பியச் சட்டம் 2013-லேயே இடம் தந்துவிட்டது. ஆறு ஆண்டுகள் கழிந்தும், நெருக்கடி முற்றியபோது பேரம் நடந்த இடம் ஆலை வாசலும் அவசரக் கூட்டமுமாகத்தான் இருந்தது. மானியத் திட்டங்களுக்குப் படிவம், அலுவலர், ஆலோசகர், பயிற்சி என்று கட்டிய அமைப்பில் ஒரு சிறு பங்கையாவது இந்தக் கூட்டுவிற்பனைக்கு அரசு செலவிட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

இந்த வாதத்துக்கு எதிரான முதல் கேள்வி 2025-லிருந்து வருகிறது. 2019-ல் கிலோவுக்கு மூன்றரை யூரோவை ஒட்டித் தவித்த மாட்டு விலை, 2025-ல் 7 யூரோவைத் தாண்டியது. சந்தையே சரிசெய்துவிட்டதே, இனி எதற்கு உதவி? விலை ஏன் ஏறியது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் மந்தைகள் சுருங்கி, வரத்து குறைந்ததே முக்கியக் காரணம். அயர்லாந்தில் மட்டும், 2010 வாக்கில் 11 லட்சத்துக்கு மேல் இருந்த கன்றூட்டும் பசுக்கள் 2023-க்குள் 9 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. அதாவது, விலை ஏறுவதற்கு முன் பலர் தொழிலை விட்டுப் போக வேண்டியிருந்தது. போனவர்களுக்கு இந்த விலை பயன்படவில்லை. இருப்பவர்களிலும் கொழுக்க வைத்து விற்பவர், விலை உச்சத்தில் கன்றை வாங்கி அடுத்த ஆண்டின் விலையை நம்பி நிற்கிறார். 2019 போன்ற ஒரு சரிவு திரும்பினால் அவருடைய இழப்பு முன்பைவிடப் பெரிதாக இருக்கும். விலை நன்றாக இருக்கும் காலமே, சரிவுக்கான ஏற்பாட்டைச் செய்து வைக்கும் காலம். வீழ்ந்த பிறகு அவசரமாக எழுதும் திட்டம் எப்படி அமையும் என்பதற்கு 'பீம்' இருக்கிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. அயர்லாந்தின் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேளாண்மையிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி மாட்டின் மீத்தேன். 2030-க்குள் வேளாண்மை 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று 2022-ல் அரசே இலக்கு வைத்தது. நஷ்டத்தில் ஓடும், காற்றைக் கெடுக்கும் ஒரு தொழிலை மக்கள் வரிப்பணத்தில் ஏன் தூக்கி நிறுத்த வேண்டும்? இதில் உள்ள நியாயத்தை மறுக்க முடியாது. மந்தை குறைய வேண்டும் என்று சமூகம் முடிவெடுத்தால், அதற்கு நேர்மையான வழி, குறைப்பதற்கென்றே விலை வைத்து, விரும்பியவரிடம் அதை வாங்குவது. புல்வெளி, வேலிமரங்கள், சதுப்புநிலம், காடு ஆகியவற்றைப் பேணுவதற்குத் தனியே கூலி தருவது. அதை இழப்பீட்டுக்குள் ஒளித்து வைத்தால் இரண்டும் கெடுகின்றன: இழப்பீடு தேவைப்பட்டவர் பயந்து ஒதுங்குகிறார், வாயு குறைப்போ, ஓராண்டு நிபந்தனை முடிந்ததும் மறைந்துபோகிறது. பேரத்தில் தோற்று மந்தை சுருங்குவதற்கும் இந்தத் திட்டமிட்ட குறைப்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் யார் வெளியேறுவது என்பதை நிலத்தின் தன்மையோ வாயுக் கணக்கோ தீர்மானிப்பதில்லை. கையில் ரொக்கம் இல்லாதவர் முதலில் போகிறார். வெளியேறியவரின் நிலம் பெரும்பாலும் காடாகாமல், பக்கத்துப் பால் பண்ணைக்குக் கூடுதல் வாடகைக்குப் போகும் வாய்ப்பும் இருக்கிறது.

ஆலைகளின் லாபமே மெல்லியது, விவசாயிக்குக் குறைந்த விலை கிடைப்பதற்குக் காரணம் கடைக்காரரும் நுகர்வோரும்தான் என்பது மூன்றாவது மறுப்பு. பிரிட்டனின் பெரிய பல்பொருள் அங்காடிகள் ஆலைகளை நெருக்குவது உண்மை. 30 மாத வரம்பும் மேட் கவ் நோய்க் காலத்தின் எச்சம். பிரிட்டனில் 1996 முதல் 2005 வரை அந்த வயதைக் கடந்த மாட்டின் இறைச்சி உணவுக்கு வராமல் தடுக்கப்பட்டிருந்தது. வாங்குபவர் இன்னும் அதைக் கேட்கிறார் என்பது ஆலைகளின் விளக்கம். ஆனால் கடைவிலைக்கும் மாட்டு விலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நுகர்வோர் விருப்பத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதை அமெரிக்கா காட்டியது. அங்கே நான்கு நிறுவனங்கள் கொழுத்த மாட்டுச் சந்தையில் 85 விழுக்காட்டைக் கைக்குள் வைத்திருக்கின்றன. 2020 வசந்தத்தில் கொரோனாவால் ஆலைகள் மூடப்பட்டபோது இறைச்சி மொத்தவிலை எகிறியது. அதே வாரங்களில் மாட்டு விலை விழுந்தது. நுகர்வோர் கூடுதலாகக் கொடுத்ததும் விவசாயி குறைவாகப் பெற்றதும் ஒரே நேரத்தில் நடந்தன. நடுவில் இருக்கும் குறுகிய வாசல் யார் வசம் இருக்கிறதோ, அவருக்கே நெருக்கடியின் ஆதாயம். அமெரிக்காவில் 1999 முதல் பெரிய ஆலைகள் வாங்கும் விலையை அரசிடம் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் உண்டு. அது இருந்தும் இது நடந்தது என்பதால், விலையை வெளிப்படுத்துவது தேவை, ஆனால் போதாது என்ற முடிவுக்கு வர வேண்டும். அயர்லாந்து 2023 டிசம்பரில் வேளாண் உணவு ஒழுங்குமுறை அலுவலகத்தைத் தொடங்கியதும் இந்த வரிசையில்தான் சேரும். நியாயமற்ற வணிக நடைமுறைகளை அது தடுக்கலாம்; விலை பேச விவசாயிக்குப் பக்கத்தில் உட்கார அதனால் முடியாது.

அப்படியானால் அரசின் பணத்துக்கு வேலை எங்கே? ஜப்பான் ஒரு வழி காட்டுகிறது. 1991-ல் மாட்டிறைச்சி இறக்குமதிக்குக் கதவைத் திறந்த அந்த நாட்டில், 'மாருகின்' என்ற பெயரில் மாடு கொழுக்க வைப்போருக்கு ஒரு நிதி இருக்கிறது. மூன்று பங்கு அரசு போடும், ஒரு பங்கு விவசாயி போடுவார். மாடு விற்ற வருமானம் சராசரி உற்பத்திச் செலவுக்குக் கீழே போனால், அந்தப் பற்றாக்குறையில் பத்தில் ஒன்பது பங்கை நிதி தரும். பசிபிக் வணிக ஒப்பந்தம் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோது இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கிறது; அமைச்சரின் மனமும் தேர்தல் காலமும் அதைத் தீர்மானிப்பதில்லை. இதிலும் ஓட்டை உண்டு. பற்றாக்குறை நிரம்பிவிடும் என்ற நம்பிக்கையில் வளர்ப்பவர்கள் கன்றுக்குப் போட்டிபோட்டு விலை ஏற்றலாம். ஆலை தன் விலையைத் தாழ்த்தி, நிதியே ஈடுசெய்யட்டும் என்று விடலாம். ஆகவே அயர்லாந்து போன்ற இடத்தில் இந்த ஏற்பாடு தனியாக வந்தால், கிடங்கு முறையும் பிரீமியமும் போன வழியிலேயே போகும். கூட்டாக விற்கும் அமைப்புகள் உருவாகி, முன்கூட்டியே எழுதிய ஒப்பந்த விலையில் மாடு போகும் நிலை வந்த பிறகு, ஆலையால் தாழ்த்த முடியாத அளவுக்கு விலை நின்ற பிறகு, அதற்கு மேல் வரும் நாணயச் சரிவையும் வணிகத் தடையையும் தாங்கத்தான் காப்பீட்டு நிதி பொருத்தமானது. அந்த வரிசை முக்கியம். முதலில் பேர வலு, அடுத்து காப்பீடு, இரண்டிலிருந்தும் தனியே சுற்றுச்சூழலுக்கான கூலி. மூன்றையும் ஒரே படிவத்தில் கலந்து, நெருக்கடி வந்த பிறகு தலைக்கு இவ்வளவு என்று பங்கிடும் பழக்கத்தை அரசுகள் எளிதில் விடாது. அதுதான் வேகமாகச் செய்யக்கூடியது, செய்தியாகக்கூடியது, சக்திவாய்ந்த யாரையும் பகைக்காதது. அந்த வசதிக்கான விலையைத்தான், 1973 தொடங்கி, சிறிய மாட்டு விவசாயி கொடுத்துவருகிறார்.